இரங்கல்: கார்புரேட்டர்

2020 மார்ச் 31 நள்ளிரவோடு நம் நாட்டு இருசக்கர வண்டிகளின் கார்புரேட்டர் தன் பணியை முடித்துக்கொண்டது. மறுநாள் முதல் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிக்கு உட்படாத வண்டியை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே தீர்ப்புச் சொல்லியிருந்ததால் அது நாள் குறித்த சாவுதான். ஆனாலும் அந்த நாள் வந்தபோது ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது, ஷோரூம்கள் பூட்டிக் கிடந்தன, மெக்கானிக் கடைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது, தெருவில் வண்டி ஓசையே இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம்மை வேலைக்கும் பள்ளிக்கும் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் சுமந்துசென்ற ஒன்றை வழியனுப்ப நாலு பேர் கூட முடியாத நேரத்தில் அது போனது. நம்மில் பலர் அது போனதையே கவனிக்கவில்லை. பிறகு புது வண்டி வாங்கிக் குளிர்ந்த காலை ஒன்றில் சோக்கைத் தேடிக் கை போனபோதுதான் தெரிந்தது.

அது பிறந்தது வெகு தொலைவில். கார்ல் பென்ஸ் காலத்து வண்டிகளில் பெட்ரோலின் மேற்பரப்பின் மீது காற்றைத் தவழவிட்டு, எழும் ஆவியை எஞ்சினுக்குள் இழுத்துக்கொண்டார்கள். வெயில் ஏறினால் ஒரு கணக்கு, பனி விழுந்தால் வேறொரு கணக்கு என்று அந்த ஏற்பாடு நிலைகொள்ளாமல் இருந்தது. 1893இல் ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும், அதே ஆண்டில் சில மாதங்கள் கழித்து ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக்கும், பெட்ரோலை ஒரு சிறு துளை வழியே காற்றின் ஓட்டத்தில் தூவும் முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். புடாபெஸ்ட் தெருவில் பூ விற்ற பெண் ஒருத்தி மலர்களின் மேல் நீர் தூவியதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்று ஹங்கேரியர்கள் கதை சொல்வார்கள். உண்மையோ புனைவோ, பூக்காரம்மாவைத் தினமும் பார்க்கிற நமக்கு அதை நம்பத்தான் மனம் வருகிறது.

அதன் உடலமைப்பு எளிமையானது. நடுவில் இடுப்புச் சிறுத்த ஒரு குழாய். அந்த இடுப்பில் நுழையும் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்த காற்றின் அழுத்தம் குறையும், குறைந்த இடத்தை நிரப்பக் கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் வழியே எழுந்து தூவலாகும். இத்தாலிய அறிஞர் வெஞ்சுரி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நீரோட்டத்தில் கண்டு எழுதிய உண்மைதான் இது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள ஒரு மிதவை, மட்டம் நிறைந்ததும் வழியை அடைக்க ஒரு ஊசி, நாம் கைப்பிடியை முறுக்கும்போது மேலெழுந்து வாயைத் திறக்க ஒரு ஸ்லைடு, அதிலிருந்து தொங்கும் நீடில். மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம், மூளை வேண்டாம். புவியீர்ப்பும் எஞ்சினின் மூச்சும் போதும்.

நம் மண்ணில் அது பல பெயர்களில் வாழ்ந்தது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் உருவாகத் தொடங்கியபோது, பர்மிங்ஹாமின் அமல் அதில் வந்து அமர்ந்தது. டிக்ளரை அழுத்திப் பெட்ரோல் கசிந்து விரலில் படும்வரை காத்திருந்து, ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷனை இழுத்து, பிறகே உதைக்க வேண்டும் என்ற முறைமையைத் தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தார்கள். மைசூரில் பிறந்த ஜாவாவும் எஸ்டியும் செக் நாட்டு ஜிகோவோடு வந்தன. பஜாஜ் ஸ்கூட்டரில் ஸ்பாக்கோ இருந்தது. காலையில் உதைத்துப் பிடிக்காத ஸ்கூட்டரை ஒருபக்கம் சாய்த்து நிமிர்த்தி மறுபடி உதைக்கும் அப்பாக்களை வாசலில் நின்று பார்த்துத்தானே நாமெல்லாம் பள்ளிக்குக் கிளம்பினோம். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோது, பால்காரரின் கேனையும் வாழைத்தாரையும் ஒரு குடும்பத்தையும் சேர்த்து இழுக்கும் சக்தியை விரற்கடையளவு கார்புரேட்டர் ஒன்று அளந்து கொடுத்தது. 1985க்குப் பின் ஹீரோ ஹோண்டாவோடு கெய்ஹினும் யமஹா ஆர்எக்ஸ் 100ஓடு மிகுனியும் வந்தன. அதே 1985இல் மிகுனியோடு கைகோத்து மறைமலை நகரில் யூகால் தொடங்கியதும், கார்புரேட்டர் நம் ஊர் வார்ப்பாகவே ஆயிற்று. புதுப்பேட்டையின் சந்துகளில் பழைய உடல்கள் குவியலாகக் கிடந்ததையும், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிட்டுகள் சரம்சரமாகத் தொங்கியதையும் பார்த்தவர்களுக்கு அதன் வம்சம் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

வேகத்தில் அதன் திறமை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதன் குணத்தை அறிந்தவர்கள் வண்டி நிற்கும்போதுதான் அறிந்தார்கள். கைப்பிடியை விட்டுவிட்டால், ஸ்லைடு ஏறக்குறைய மூடிக்கொண்டால், மெயின் ஜெட்டுக்கு மேலே ஓடும் காற்றுக்குப் பெட்ரோலை எழுப்பும் வலு இருக்காது. அப்போது எஞ்சினை உயிரோடு வைத்திருப்பது பைலட் ஜெட் ஒன்றுதான். அரை மில்லிமீட்டருக்கும் குறுகிய துளை அது. அதன் வழியே கசிந்து, உடலுக்குள் குடைந்த மெல்லிய வழிகளில் நடந்து, ஸ்லைடுக்கு அப்பால் எஞ்சின் பக்கத்தில் உள்ள ஊசிக்கண் அளவு துவாரத்தில் வந்து சேரும் ஈரத்தை நம்பித்தான் சிக்னலில் நிற்கும் வண்டி மூச்சு விட்டது. அந்த வழியில் எங்காவது காய்ந்த பெட்ரோலின் பிசின் படிந்தால் போதும்: வண்டி சோக்கில் பிடிக்கும், ரேஸ் கொடுத்தால் ஓடும், கையை எடுத்தால் செத்துவிடும். ‘ஸ்லோ நிக்க மாட்டேங்குது’ என்ற அந்த ஒரு வரி முறையீடு எத்தனை மெக்கானிக்குகளின் வாழ்நாளைத் தின்றிருக்கும்!

அதிலும் கொடுமை, கழற்றிக் கழுவி, புதுக் கிட் போட்டு, துடைத்து மாட்டிய பிறகும் ஸ்லோ நிற்காத வண்டி. ஓரக்கடை ஒன்றில் அப்படி ஒரு ஆர்எக்ஸ் 100 முன்னால் இளைஞன் ஒருவன் வியர்த்து நின்றிருந்தது நினைவிருக்கிறது.

“எல்லாம் மாத்திட்டேண்ணே. ஜெட்டு, நீடிலு, கேஸ்கட்டு எல்லாம் புதுசு. கைய எடுத்தா ஆஃப் ஆவுது.”

“மாத்தினதாலதான் ஆஃப் ஆவுதோ என்னவோ. மறுபடி கழட்டாத. மொதல்ல ஏர் எங்க இழுக்குதுன்னு பாரு.”

கடையின் மூத்த மெக்கானிக் வண்டியை ரேஸில் பிடித்துவைத்து, கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் ரப்பரைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக ஆயில் விட்டார். ஒரு இடத்தில் ஓசை மாறினால் அங்கே திருட்டுக் காற்று நுழைகிறது என்று பொருள். ஜெட் அளந்து தரும் கலவையை அந்தக் காற்று நீர்க்கச் செய்துவிடும், ஸ்லோ ஒருநாளும் நிற்காது. அன்று ஓசை மாறவில்லை. இதுவே புல்லட்டின் பழைய அமலாக இருந்திருந்தால் விளிம்பையும் பார்த்திருப்பார்: இரண்டு போல்ட்டுகளையும் ஆண்டுக்கணக்கில் அழுத்தி முடுக்கி முடுக்கி அதன் விளிம்பு வில்லாக வளைந்திருக்கும், கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் சமமாக்க வேண்டும். அடுத்து, பைலட் வழிக்குப் போகும் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தத் துளையில் வாய் வைத்து ஊதினார். புது ஜெட் போட்டால் மட்டும் ஆகாது. உடலுக்குள் குடைந்த வழி அடைத்திருந்தால் ஜெட் என்ன செய்யும்? மறுபக்கத் துவாரத்தில் வைத்த விரலில் காற்றுப் பட்டது. வழி சுத்தம். கடைசியில் அவர் கேட்டது, “பழைய ஜெட்டு எங்க?” என்பது. பையன் குப்பை டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தான். இரண்டையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எண் ஒன்றுதான், துளை ஒன்றல்ல. பழையதைப் பெட்ரோலில் ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து உருவிய செம்பு இழையால் மெல்லத் துழாவினார். ஆக்ஸிலரேட்டர் கேபிளின் எஃகு இழையை விட்டால் துளை பெரிதாகிவிடும் என்பதை அந்தத் தொழிலில் யாரும் கற்காமல் விடுவதில்லை, ஒரு தட்டு வாங்கியாவது கற்பார்கள்.

பழைய ஜெட்டை மாட்டி வண்டி சூடேறிய பிறகு அவர் செய்ததுதான் பார்க்க வேண்டியது. ஸ்லோ ஸ்க்ரூவால் ஓசையைச் சற்றே தூக்கினார். ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே முடுக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தார். அங்கிருந்து கால் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது, தலை மட்டும் சைலன்சர் பக்கம் சாய்ந்திருந்தது. ஓர் இடத்தில் ஓசை உருண்டு சீரானது, அங்கே நிறுத்தினார். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்தார், மறுபடி ஏர் ஸ்க்ரூவை மயிரிழை திருத்தினார், மறுபடி ஸ்லோ. மீட்டர் இல்லை, மானி இல்லை. வண்டி நின்றது, அதாவது நிற்காமல் நின்றது.

கார்புரேட்டரின் பெருமையும் குறையும் அந்தச் சாய்ந்த தலையில்தான் இருந்தன. அது காற்றின் வேகத்தை உணரும், அதற்கேற்பப் பெட்ரோலை விடும். ஆனால் விட்டது சரியாக எரிந்ததா, மிகையா, குறையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதற்குக் காது கிடையாது. அந்தக் காதை மனிதன் கொடுத்தான். ஊருக்கு ஊர் நல்ல காது உள்ள மெக்கானிக் ஒருவர் இருந்தார், அவரிடம் டியூனிங் செய்த வண்டிக்கு மைலேஜ் கூடுதல் என்று நம்பினோம், அவர் இல்லாத நாளில் பக்கத்துக் கடைக்குப் போகாமல் காத்திருந்தோம். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே மனிதன் இருந்தாக வேண்டியிருந்த காலம் அது.

காது இல்லாததன் துன்பத்தை மலையேறியவர்கள் அறிவார்கள். மேட்டுப்பாளையத்தில் சீராக ஓடிய வண்டி குன்னூர் தாண்டி ஊட்டியை நெருங்கும்போது இழுக்கத் திணறும். 2,200 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்துவிட்டது, கார்புரேட்டருக்கோ அது தெரியாது, சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கும், பிளக் கருத்துவிடும். மழைக்காலத்தில் டாங்கில் இறங்கிய தண்ணீர் கிண்ணத்தின் அடியில் தங்கி வழியில் நிறுத்தும். துருத்துகள் ஒன்று ஊசியில் மாட்டிக்கொண்டால் பெட்ரோல் வழிந்து தெருவெல்லாம் மணக்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டினால் ஊசி விடுபட்டு அடங்கும். இந்தத் தட்டு தெரிந்தவர்களுக்கு நடுரோட்டில் கிடைத்த மரியாதை தனி. குறைகளை நாம் குறைகளாக எண்ணவில்லை. வீட்டுப் பெரியவரின் சர்க்கரையையும் மூட்டுவலியையும் போல அவற்றோடு வாழப் பழகியிருந்தோம்.

அதைக் கொன்றதும் அந்தக் காதில்லாமைதான். புகைக்குழாயில் பொருத்தும் வினையூக்கி, நச்சு வாயுக்களை ஒருசேர முறிக்க வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை ஒட்டியே எஞ்சின் ஓடியாக வேண்டும். சிக்னலில் நின்றாலும் மேட்டில் ஏறினாலும் இந்த விகிதம் நழுவக் கூடாது. புகையை முகர்ந்து பார்த்து நொடிக்கு நொடி திருத்தும் ஆக்சிஜன் சென்சாரும் அதன் சொல்லைக் கேட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் சேர்ந்தால்தான் அது ஆகும். கார்கள் 2000ஐ ஒட்டியே அந்தப் பக்கம் போய்விட்டன. மாருதி 800 கூட அப்போதுதான் மாறியது. அமெரிக்காவின் நாஸ்கார் கப் பந்தயக் கார்களே 2011வரை கார்புரேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்து, 2012இல் கைவிட்டன. நம் இருசக்கர வண்டிகளுக்கு விலை ஒரு கவசமாக இருந்தது. 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் இன்ஜெக்ஷனோடு வந்தபோது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. மலிவும் எளிமையும் இருக்கும்வரை தனக்கு அழிவில்லை என்றுதான் கார்புரேட்டர் இருந்தது. பாரத் ஸ்டேஜ் 6 வந்து அந்தக் கவசத்தைக் கழற்றியது. மின்னணுத் துணையோடு பஜாஜின் சில வண்டிகளில் பின்னும் சில காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றாலும், டிவிஎஸ் எக்ஸெல்லிலும் ஸ்ப்ளெண்டரிலும் ஆக்டிவாவிலும் புல்லட்டிலும் இன்ஜெக்ஷன் வந்த பிறகு எதையும் எதிர்பார்க்க இடமில்லை.

அதன் சாவில் அநியாயம் இல்லை. சாலையோரத்துப் பள்ளிக்கூடக் குழந்தைகளின் நுரையீரலை விட நம் பழக்கம் பெரிதில்லை. வாரிசாக வந்தது திறமைசாலிதான், பனியிலும் மழையிலும் பொத்தானைத் தொட்டதும் பிடிக்கிறது, ஊட்டியிலும் இழுக்கிறது. இவ்வளவும் தெரிந்தே இரங்குகிறோம். புது வண்டி நோயுற்றால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது, கருவியைச் செருகினால் ஒரு எண் வருகிறது, அந்த எண்ணுக்கு உரிய பாகம் முழுதாக மாற்றப்படுகிறது. ஸ்க்ரூடிரைவரும் செம்பு இழையும் வைத்துக்கொண்டு நாற்பது வருடம் பிழைத்தவரிடம் அந்தக் கருவி இல்லை. ஆயில் மாற்றவும் பிரேக் கட்டை போடவும் செயின் இறுக்கவும் அவரிடம் இன்னும் போகிறோம். ஸ்லோவைப் பற்றி அவரிடம் பேச நமக்கு ஒன்றும் இல்லை. அதை வண்டியே பார்த்துக்கொள்கிறது.

மறைந்த கார்புரேட்டருக்கு உறவுகள் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. பூங்காக்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் தோளில் தொங்கும் புல்வெட்டியில், எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக மிதவையே இல்லாமல் ஒரு மெல்லிய சவ்வை வைத்து வேலை செய்யும் தம்பி ஒருவன் இருக்கிறான். சக்கரம் வைத்த புல்வெட்டி, வயலில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், சிறு ஜெனரேட்டர், கன்னியாகுமரிக் கடலில் மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சின், ஏன், ஆள் ஓட்டிப் பழகும் சிறு விமானங்கள் சில என்று இந்த வம்சம் தொடர்கிறது. அவற்றின் நோயும் பழைய நோய்தான்: பருவம் முடிந்து மூலையில் வைத்த புல்வெட்டியை மாதங்கள் கழித்து இழுத்தால் பிடிக்கும், பிடித்து ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊசலாடும், கையை எடுத்தால் நின்றுபோகும். கழுவி மாட்டினாலும் சில வேளை அப்படியே. காரணம் அதே அரை மில்லிமீட்டர்த் துளை.

வீட்டில் தாத்தாவின் புல்லட்டையோ அப்பாவின் ஸ்கூட்டரையோ தார்ப்பாய் போட்டு நிறுத்தி வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பீர்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். பழைய ரப்பருக்கும் வார்ப்புக்கும் அது உகந்ததில்லை, காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தின் அடியிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். கிட் மாற்றினால் பழைய ஜெட்டைத் தூக்கி எறியாதீர்கள்.